டீச்சரின் அடுப்படி: ஆட்டம் பார்க்க ஆள் வந்தால் என்ன சமைப்பது?



தீபாவளிக்கு என்ன பலகாரம் செய்வது, பொங்கலுக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவது என்று நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நாள்காட்டியில் சிவப்பு எழுத்தில் போடாத ஒரு திருவிழா நம் வீடுகளுக்கு அவ்வப்போது வருகிறது. அதுதான் பெரிய ஆட்டத்து இரவு. உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டமாக இருக்கலாம். தாமஸ் கிண்ணப் பூப்பந்தாக இருக்கலாம். அன்று மாலையே வீட்டுக்காரர், "நம்ம ஆளுங்க பத்துப் பதினைந்து பேர் வருவாங்க, ஏதாச்சும் சாப்பிடக் கொடு" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லுவார். அந்த "ஏதாச்சும்" என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

கூடிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1963 டிசம்பரில். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு தோட்டத்துக்கே ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்றுதான் இருந்தது. பெரிய ஆட்டம் என்றால் மண்டபத்தில் பாய் விரித்துப் பார்த்தார்கள். 1980-ல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதையும், கோல் கம்பத்தில் நின்ற நம் ஆர். ஆறுமுகத்தை "ஸ்பைடர்மேன்" என்று ஊரே கூப்பிட்டதையும் வயதானவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அந்த ஒலிம்பிக்குக்கு நாடு போகாமல் ஒதுங்கிக்கொண்ட வருத்தத்தையும் சேர்த்தே சொல்லுவார்கள். 1992 மே மாதம் கோலாலம்பூரில் இந்தோனேசியாவை 3-2 என்று வென்று, 25 ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் கிண்ணத்தை நாம் கைப்பற்றிய இரவையும், 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தை வென்றதற்காக 31-ஆம் தேதி நாடு முழுவதும் விடுமுறை விட்டதையும் மறந்தவர் யார்? மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமில்லாமல் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுந்து குதிக்கும் இரவுகள் அவை. அப்படிப்பட்ட இரவில் நம் வீட்டில் நாலு பேர் வந்து உட்காருவது நமக்குப் பெருமைதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இரவில் வீட்டுப் பெண் எங்கே இருக்கிறார்?

2018 உலகக் கிண்ண இறுதியாட்டம் நம் நேரப்படி ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு நடந்தது. பிரான்ஸ் நான்கு கோல், குரோஷியா இரண்டு கோல். மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மேசைமேல் தலை சாய்த்திருந்தார்கள். சரி, தூங்குவதைவிட எழுதுவது மேல் என்று, "நேற்றிரவு எங்கள் வீட்டில்" என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். பையன்கள் யார் எப்படி அடித்தார் என்று எழுதினார்கள். ஒரு சிறுமி எழுதியது இது: "எங்கள் வீட்டில் எல்லாரும் ஆட்டம் பார்த்தோம். அம்மா மட்டும் ஆறு கோலையும் காதால் கேட்டார்." பிழையில்லாத வாக்கியம். சிவப்பு மையால் சரி போட்டுவிட்டேன். ஆனால் அந்த வரி மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே இந்த மாதச் சமையலுக்கு ஒரே ஒரு விதி. ஆட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே அடுப்பு அணைந்திருக்க வேண்டும். சமைத்தவரும் பாயில் வந்து உட்கார வேண்டும். இதற்கு ஒத்துவராத பலகாரம் எவ்வளவு ருசியானாலும் அன்றைக்கு வேண்டாம். சுடச்சுட தோசை வார்த்துக் கொடுப்பது, ரொட்டி சானாய் தட்டுவது எல்லாம் வேறு நாளைக்கு இருக்கட்டும்.

கீழே சொல்லும் அளவுகள் 15 பேருக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. இரண்டோ மூன்றோ போதும்.

1. கொண்டைக் கடலைச் சுண்டல்

தேவையானவை: கொண்டைக் கடலை 1 கிலோ, பெரிய வெங்காயம் 3, காய்ந்த மிளகாய் 8, கடுகு ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, தேங்காய்த் துருவல் அரை மூடி, எண்ணெய், உப்பு.

முதல் நாள் இரவே கடலையை நிறைய தண்ணீரில் ஊறவையுங்கள். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். மறந்துபோனால் கொதிக்கிற நீரை ஊற்றி மூடி, இரண்டு மணி நேரம் வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கடலை மெத்தென்று ஆனபிறகு உப்புப் போடுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். தோல் கழன்று குழையக்கூடாது.

கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தை வதக்கி, வடித்த கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். தேங்காயை மட்டும் தனியே வைத்திருந்து பரிமாறும் நேரத்தில் சேருங்கள். நம் ஊர் வெக்கையில் முதலில் கெடுவது தேங்காய்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கைப்பிடி நெத்திலியை மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே தூவிக் கொடுக்கலாம்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள். கோல் விழும்போது எல்லாரும் கத்துவார்கள், பிள்ளையும் வாயில் கடலையோடு குதிக்கும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நன்றாக மசித்துக் கொடுங்கள். வேர்க்கடலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

2. அவித்த மரவள்ளியும் நெத்திலிச் சம்பலும்

மரவள்ளியை விருந்தாளிக்கு வைப்பதா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது இந்த நாட்டு மக்களின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். அந்த நினைப்பில் அதைப் பஞ்சத்துச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டோம். இன்று பட்டணத்துக் கடைகளில் இதையே தட்டில் அடுக்கிச் சம்பலோடு விற்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் விளைவதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

கிழங்குக்கு: மரவள்ளி 3 கிலோ. வெளித்தோலோடு அடியில் உள்ள தடித்த வெள்ளைத் தோலையும் சேர்த்து உரித்து, துண்டு போட்டு, நடு நரம்பை எடுத்துவிடுங்கள். நிறைய தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிடுங்கள். மரவள்ளியில் இயற்கையாகவே ஒருவகை நச்சு உண்டு. தோல் உரித்து நன்றாக அவித்தால் அது நீங்கிவிடும். பச்சையாகத் தின்னக்கூடாது. அவித்த பிறகும் கசக்கிற கிழங்கைத் தூக்கி எறியுங்கள். உப்பை கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும்.

சம்பலுக்கு: காய்ந்த மிளகாய் 20, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், சுட்ட பெலாச்சான் ஒரு சிறு துண்டு, நெத்திலி 200 கிராம், பெரிய வெங்காயம் 2, எலுமிச்சை அளவு புளி, சீனி ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு கிண்ணம்.

நெத்திலியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துப் பொரித்து எடுத்துவையுங்கள். மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சானோடு அரைத்து, அதே எண்ணெயில் சின்னத் தீயில் வதக்குங்கள். இங்கேதான் அவசரப்படக்கூடாது. மிளகாய் நிறம் கறுத்து, எண்ணெய் மேலே பிரிந்து வர இருபது நிமிடமாவது ஆகும். அதற்கு முன் புளியை ஊற்றினால் பச்சை வாடை போகவே போகாது. "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்" என்பார்கள். சம்பலுக்கு ஆக்கவே பொறுமை வேண்டும். பிறகு பெரிய வெங்காயம், புளிக்கரைசல், சீனி சேர்த்துச் சுண்டவிட்டு, கடைசியில் நெத்திலியைப் போட்டு இறக்குங்கள். இந்தச் சம்பலை முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். மறுநாள் ருசி கூடத்தான் செய்யும்.

3. பருப்பு வடை

வடை இல்லாத ஆட்டம் ஆட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கடலைப் பருப்பு அரை கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடிகட்டுங்கள். ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்து, மீதியை காய்ந்த மிளகாய் 6, சோம்பு ஒரு தேக்கரண்டி சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரையுங்கள். எடுத்துவைத்த பருப்பு, நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்துப் பிசையுங்கள். உப்பைத் தட்டப்போகும் நேரத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் வெங்காயம் நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும். சின்ன வடையாகத் தட்டினால் முப்பத்தைந்துக்குக் குறையாது.

ஆட்டத்துக்கு முன்பே எல்லா வடையையும் நடுத்தரத் தீயில் முக்கால் வேக்காட்டில், நிறம் மாறுவதற்குள் எடுத்துப் பரப்பி வையுங்கள். காற்பந்தில் இடைவேளை 15 நிமிடம். அப்போது எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் மறுபடி போட்டு எடுத்தால் புதிதாகச் சுட்டதைவிட மொறுமொறுப்பாக வரும். இந்த இரண்டாவது பொரியலை வீட்டு ஆண்கள் செய்யட்டும். முக்கால் வேலையை முடித்துக் கொடுத்தாகிவிட்டது. மிச்சமுள்ள கால் பங்கைச் செய்வதால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடாது.

பூப்பந்தில் இந்த வசதி கிடையாது. ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டே நிமிடம்தான். ஆகவே பூப்பந்துக்கு வடை வேண்டாம்; சுண்டலும் கிழங்கும் போதும்.

4. மீகூன் பிரட்டல்

இரவு உணவையும் இங்கேயே முடித்துக்கொள்ள வருகிறவர்கள் இருந்தால் மீகூன் நல்லது. 400 கிராம் பாக்கெட் இரண்டை, தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். குவாலியில் பூண்டும் அரைத்த மிளகாயும் வதக்கி, பொரித்த தவ்ஹூ நான்கு, சாவிக் கீரை ஒரு கட்டு, கிச்சாப்பு நான்கு மேசைக்கரண்டி சேர்த்து, மீகூனைப் போட்டுப் பிரட்டுங்கள். தவுகே 300 கிராமைக் கடைசியில் போடுங்கள். இரண்டு தடவையாகப் பிரட்டினால் குழையாது. முட்டையைத் தனியே பொரித்து நறுக்கி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

5. விடியற்காலை ஆட்டத்துக்குப் பச்சைப்பயற்றுக் கஞ்சி

ஆட்டம் எந்த நாட்டில் நடக்கிறதோ, அதைப் பொறுத்து நம் நேரம் மாறும். 2002-ல் ஜப்பானில் நடந்த இறுதியாட்டம் நமக்கு மாலை 7 மணிக்கு வந்தது. 2018, 2022 ஆண்டுகளில் இரவு 11 மணி. 2014-ல் பிரேசிலில் நடந்ததோ விடியற்காலை 3 மணி. மூன்று மணிக்கு வடையும் சம்பலும் வயிற்றைக் கெடுக்கும். அதற்குப் பிறகு பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் இருப்பார்கள்.

பச்சைப்பயறு அரை கிலோ, தண்ணீர் மூன்று லிட்டர், பண்டான் இலை இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு. பயறு வெடித்துக் குழையும்வரை வேகவிடுங்கள். குலா மலாக்கா 200 கிராம் கரைத்து வடிகட்டி ஊற்றி, கடைசியில் இரண்டு கிண்ணம் தேங்காய்ப் பால் சேர்த்து, ஒரு கொதி வருவதற்குள் இறக்குங்கள். நம் மக்களிடையே நீரிழிவு நோய் அதிகம். ஆகவே இனிப்புச் சேர்ப்பதற்கு முன்பே இரண்டு மூன்று கிண்ணம் எடுத்துவைத்து, அதில் உப்பும் கொஞ்சம் பாலும் மட்டும் சேர்த்துக் கொடுங்கள். இன்னார் நோயாளி என்று பறைசாற்றாமல், "இது உப்புக் கஞ்சி, இது இனிப்புக் கஞ்சி" என்று இரண்டையும் வைத்தால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

குடிப்பதற்கு எலுமிச்சை பிழிந்த பார்லித் தண்ணீர், இஞ்சி தட்டிய தேநீர், ஒரு பெரிய ஜாடி நிறைய வெறும் தண்ணீர். போத்தல் சோடா வாங்கும் காசுக்கு இன்னும் ஒரு கிலோ கடலை வாங்கலாம்.

கடிகாரம் பார்த்துச் சமையல்

ஞாயிறு இரவு 11 மணிக்கு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். சனி இரவு கடலையை ஊறப்போடுங்கள். ஞாயிறு மாலை 5 மணிக்குச் சம்பல். 6 மணிக்குக் கடலையை வேகவையுங்கள். வடைப் பருப்பையும் ஊறப்போடுங்கள். 8:30-க்குக் கிழங்கு. 9:30-க்கு மீகூன். 10 மணிக்கு வடையை முக்கால் வேக்காடு. 10:40-க்குச் சுண்டலைத் தாளித்து அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சமைத்த உணவை நம் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. 2022 இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அதிலும் 3-3 என்று சமமாகி, பினால்டி வரை இழுத்துக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? அப்படி நீளும் என்று எண்ணி, பாதியை முதலில் வையுங்கள். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, இடைவேளையில் நன்றாகச் சூடாக்கி எடுங்கள்.

மறக்கக்கூடாத நான்கு

முதலாவது, நெருப்பு. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு "கோல்" என்ற சத்தத்துக்கு ஓடாதீர்கள். சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய் சிதறி வீடெல்லாம் பரவும். கேஸை மூடி, சட்டியை இறுக்கமான மூடியால் மூடுங்கள். தீ தானே அடங்கும். ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது, வருகிறவர் யார் என்று பாருங்கள். மலாய் நண்பர்கள் வந்தால் கோழி ஹலால் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இறைச்சியே வேண்டாம். வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர் நம் வீட்டிலேயே இருப்பார்கள்; அவர்களுக்குச் சட்டியும் கரண்டியும் தனி. எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பயமில்லாமல் கை வைக்கிற சாப்பாடுதான் விருந்து.

மூன்றாவது, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சில வீடுகளில் ஆட்டத்தோடு போத்தலும் வருகிறது. அடுத்து பந்தயம் வருகிறது, பிறகு சண்டை வருகிறது. மறுநாள் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து என் முன்னால் தலைகுனிந்து நிற்கிறது. பட்டினி வயிற்றில் குடித்தால் மது வேகமாக ஏறும். ஆட்டம் தொடங்கும் முன்பே கிழங்கும் சுண்டலும் வயிற்றில் இருந்தால் போத்தலைத் தேடுகிற கை கொஞ்சம் தயங்கும். சகோதரர்களே, உங்கள் பிள்ளைகள் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆட்டம் பார்க்கும் உங்களையும் பார்க்கிறார்கள். தோற்ற அணிக்காக ஒரு தகப்பன் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அவர்களுக்கு ஒரு பாடம்தான்.

நான்காவது, செலவும் வேலையும் ஒரு வீட்டின் தலையில் விழ வேண்டாம். சிறு வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியவர்கள்தானே நாம்? ஒரு வீடு கடலை, ஒரு வீடு கிழங்கு, ஒரு வீடு தேநீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் கிழங்கு உரிக்கட்டும், சின்னவர்கள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும். வாழையிலை நறுக்கிப் பரிமாறினால் தட்டுக் கழுவும் வேலையும் மிச்சம். ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகிற ஒவ்வொருவரும் தம் இலையைத் தாமே எடுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இதை வீட்டுக்காரரே முதலில் செய்து காட்டினால், சொல்ல வேண்டிய அவசியமே வராது.

அடுத்த பெரிய ஆட்டத்துக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து பாருங்கள். எந்த அணி வென்றது என்பதோடு, உங்கள் வீட்டில் எத்தனை பெண்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள் என்பதையும் எண்ணி எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், பள்ளிக்குக் கொண்டுபோகும் காலைப் பொட்டலங்களைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்